ஒரு காரும் இரண்டு விலைகளும்

ரொறன்ரோவில் வசிக்கும் பழைய நண்பர் ஒருவர் அண்மையில் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் என்னோடு ஒன்றாகப் படித்தவர். கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் அவரது தம்பி, கண்டியில் உள்ள வாகன விற்பனை நிலையம் ஒன்றில் கார் வாங்குவதற்காக முற்பணம் கட்டியிருக்கிறார். இப்போது ஒப்பந்தத்தில் எழுதிய விலைக்கு மேலாக நான்கு இலட்சம் ரூபாய் கேட்கிறார்களாம். "நீ பத்திரிகைக்காரன்தானே, ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கக் கூடாதா?" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

அந்தக் கடைசி வரி என்னை நீண்ட நேரம் வேறு வேலை எதையும் செய்யவிடவில்லை. ஏனெனில், இதே ஊரில், இதே போன்றதொரு சிக்கலில், அந்த ஒரு வார்த்தையை நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அது பலித்தும் இருக்கிறது. பலித்ததனால் நான் இன்றும் வெட்கப்படுகிறேன். நண்பருக்கு எழுதிய பதிலில் பாதியைத்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

2018 ஆம் ஆண்டு ஜூலை மாதம். முப்பது ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்து என் மனைவி ஓய்வு பெற்றிருந்த நேரம். முழங்கால் வலியால் பஸ் ஏறுவதே அவளுக்குப் பெரும்பாடாகிவிட்டது. பணிக்கொடையாகக் கிடைத்த தொகையோடு என்னுடைய சிறுசேமிப்பையும் சேர்த்து ஒரு சிறிய கார் வாங்குவதென்று முடிவு செய்தோம். 660 சிசி ஜப்பானியக் கார். கண்டியிலிருந்து பேராதனைக்குச் செல்லும் பாதையில், நம்மவர்கள் 'கார் சேல்' என்று சொல்லும் நிலையங்களுள் ஒன்றில், 36 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று விலை பேசி, 5 இலட்சம் முற்பணம் செலுத்திக் கையொப்பமிட்டேன். கார் கப்பலில் வந்துகொண்டிருப்பதாகவும் ஆகஸ்ட் முதல் வாரத்தில் கையளிக்கப்படும் என்றும் சொன்னார்கள்.

ஒப்பந்தப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. முன்பக்கத்தில் விலை கொட்டை எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற சிற்றெழுத்தில் பதினைந்து நிபந்தனைகள். பிறருடைய எழுத்தைத் திருத்தியே வயிறு வளர்த்தவன் நான். அன்று அந்தப் பின்பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மனைவி காரின் நிறத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். விற்பனையாளர் பேனாவை நீட்டினார். நான் கையொப்பமிட்டேன்.

ஜூலை 31 ஆம் திகதி இரவு, 1000 சிசிக்குக் குறைந்த கார்கள் மீதான உற்பத்தி வரியை அரசாங்கம் உயர்த்தியது. மறுநாளிலிருந்தே அது நடைமுறைக்கு வந்தது. எங்கள் பத்திரிகையிலும் அச்செய்தி வெளியாகியது. மூன்றாம் நாள் விற்பனை நிலையத்திலிருந்து தொலைபேசி அழைப்பு. கார் வந்துவிட்டதாம், 2 இலட்சத்து 25 ஆயிரம் ரூபாய் மேலதிகமாகக் கட்ட வேண்டுமாம்.

போனேன். முகாமையாளரின் அறைக்கு வெளியே இருந்த வாங்கில் எனக்கு முன்பாகவே ஒருவர் அமர்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியர். அவரும் அதே வகைக் காருக்குத்தான் முற்பணம் கட்டியிருந்தார். இளைய மகனை மாதம் இருமுறை கண்டி வைத்தியசாலைக்குக் கிளினிக்குக் கொண்டுவர வேண்டியிருந்ததாம். தோட்டத்துப் பாதையில் முச்சக்கர வண்டியில் வந்து, பின்னர் பஸ் பிடித்து வருவதற்குள் பிள்ளை சோர்ந்துவிடுகிறான் என்றார். மனைவியின் நகைகளை அடகு வைத்து முற்பணம் கட்டி, மீதிக்கு லீசிங் ஏற்பாடு செய்திருந்தார். இப்போது அவரிடம் 1 இலட்சத்து 90 ஆயிரம் கூடுதலாகக் கேட்கிறார்கள். "வரி கூடிட்டுது, அவங்களும் என்ன செய்யிறது சேர்" என்று விற்பனை நிலையத்தாருக்காகவும் அவரே பேசினார்.

என்னை முதலில் உள்ளே அழைத்தார்கள். முகாமையாளரின் மேசையில் ஒரு செய்தித்தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. வரி உயர்வுச் செய்தியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். அது எங்கள் பத்திரிகை.

"கவர்மெண்ட் கூட்டினா நாங்களும் கூட்டத்தானே வேணும் சேர். நீங்க சைன் வச்ச பேப்பர்லயும் இருக்கு" என்று படிவத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். ஒன்பதாவது நிபந்தனை: வரிகளிலோ நாணய மாற்று விகிதத்திலோ மாற்றம் ஏற்பட்டால் அதற்கேற்ப விலை திருத்தப்படும். அப்போதுதான் அதை முதன்முதலாக வாசித்தேன்.

வாசித்தபோது பழைய பழக்கத்தில் ஒரு கேள்வி எழுந்தது. எந்தச் செய்தியையும் கையிலெடுத்தவுடன் நாங்கள் முதலில் தேடுவது திகதியைத்தான். "எங்கட கார் சுங்கத்திலிருந்து வெளியே வந்தது எப்போது?" என்று கேட்டேன். அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. கொழும்பு அலுவலகத்தில்தான் அந்தக் கடதாசிகள் இருக்கின்றன என்றார். விலை எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார். நான் மீண்டும் கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையை எடுத்து, வட்டமிட்டிருந்த செய்தியின் மேல் வைத்து, "இந்தப் பேப்பர்லதான் நான் வேலை செய்யிறேன்" என்றேன்.

அறையின் காற்றே மாறிவிட்டது. தேநீர் வந்தது. "சேர் முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். கொழும்பில் இருப்பதாகச் சொன்ன கோவை, அவருடைய பின்புற அலுமாரியிலிருந்தே வெளியே வந்தது. சுங்கப் பிரகடனத்தின் பிரதியில் ஜூலை 24 ஆம் திகதி முத்திரை இருந்தது. வரி உயர்வதற்கு ஒரு வாரத்திற்கு முன்பே எங்கள் கார் பழைய வரியைச் செலுத்தி வெளியே வந்திருந்தது. புதிய வரியாக ஒரு சதமேனும் அந்தக் காருக்காக எவரும் கட்டியிருக்கவில்லை. "உங்களுக்கு மட்டும் பழைய விலை சேர். வெளியில சொல்லாதீங்க" என்று முகாமையாளர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வெளியே வந்தபோது அந்த ஆசிரியர் எழுந்து நின்று, "என்ன சேர், குறைச்சாங்களா?" என்று ஆவலோடு கேட்டார். "பேசிப் பாருங்க மாஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

அன்றிரவு வீட்டில் வெற்றிவீரன் போலக் கதை சொன்னேன். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்த மாஸ்டருக்கு?" என்று ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன்.

அவரை மீண்டும் கண்டது 2019 ஜனவரியில், கண்டி வைத்தியசாலையின் மருந்து கொடுக்கும் வரிசையில். அவராகவே வந்து நலம் விசாரித்தார். 1 இலட்சத்து 90 ஆயிரத்தையும் கட்டித்தான் காரை எடுத்தாராம். காரில் வைத்திருந்த கோவையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். சுங்கப் பிரகடனத்தின் பிரதி அதில் இருந்தது. திகதி ஜூலை 24. என் காரும் அவர் காரும் ஒரே நாளில் வெளியே வந்தவை. அந்தக் கடதாசி ஐந்து மாதங்களாக அவர் கையிலேயே இருந்திருக்கிறது. அதில் எதைப் பார்க்க வேண்டுமென்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. சொல்லியிருக்கக்கூடிய ஒருவன் தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

அதன்பின் செய்யக்கூடியதைச் செய்து பார்த்தோம். கண்டியில் உள்ள சட்டத்தரணி நண்பர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, வணிகர் எவரும் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் நடந்துகொள்வதைத் தடை செய்கிறது. ஆனால், விற்பனை தொடர்பான முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் அதிகாரசபைக்குக் கொடுக்க வேண்டும். அந்த மூன்று மாதங்கள் நவம்பரிலேயே கடந்துவிட்டிருந்தன. எழுத்திலான ஒப்பந்தத்தின் மீது ஆறு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம் என்பதால் நீதிமன்றத்தின் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் வேறொரு முட்டுக்கட்டை இருந்தது. காரை எடுத்த அன்று அவரிடம் இன்னொரு தாளில் கையொப்பம் வாங்கியிருந்தார்கள். 'திருத்திய விலைக்கு முழுமனதோடு சம்மதிக்கிறேன்' என்பது அதன் சாரம். எதிர்த்தரப்பு அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டும், வழக்கு இழுபடும் என்றார் சட்டத்தரணி. ஒவ்வொரு தவணைக்கும் லீவு போட்டுக் கண்டிக்கு வர வேண்டும். "விடுங்க சேர். புள்ளைய கொண்டுவர வண்டி இருக்கு, அது போதும்" என்றார் மாஸ்டர். என்னை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

இனி, நண்பரின் தம்பிக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் பயன்படக்கூடியவற்றைச் சொல்கிறேன். நான் சட்டம் படித்தவனல்லன். அடிபட்டும், படித்தவர்களிடம் கேட்டும் அறிந்தவை இவை.

முதலாவது, விலை என்பது முன்பக்கத்தில் எழுதப்பட்ட இலக்கம் மட்டுமல்ல. இலங்கையில் பொருள் விற்பனையை இன்றும் ஆள்வது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். விலையை ஒப்பந்தத்திலேயே நிர்ணயிக்கலாம். அல்லது ஒப்பந்தத்தில் இணங்கிய முறைப்படி பின்னர் நிர்ணயிக்கலாம் என்று அச்சட்டம் சொல்கிறது. பின்பக்கத்து ஒன்பதாவது நிபந்தனை போன்றவை அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. ஆகவே அந்த நிபந்தனையே செல்லாது என்று வாதிடுவதில் பொதுவாகப் பயனில்லை. அதே சட்டத்தின்படி, விலையில் ஒரு பகுதியைச் செலுத்திவிட்டாலே ஒப்பந்தம் வலுப்பெற்றுவிடுகிறது. முற்பணம் வாங்குபவரையும் கட்டுகிறது, விற்பவரையும் கட்டுகிறது. 'இது வெறும் முற்பதிவுதானே' என்று இரு தரப்பாரும் சொல்லித் தப்ப முடியாது.

இரண்டாவது, 'வரி மாற்றத்திற்கேற்ப' என்பதற்கு 'நாங்கள் சொல்வதற்கேற்ப' என்று பொருளில்லை. கூடுதலாகக் கேட்கும் தொகையை மூன்று கூறாகப் பிரித்துத் தரும்படி எழுத்தில் கேட்க வேண்டும்: வரியால் கூடியது எவ்வளவு, டொலரால் கூடியது எவ்வளவு, விற்பவர் தம் பங்குக்குக் கூட்டியது எவ்வளவு? வரிக்குச் சாட்சி சுங்கப் பிரகடனத்தின் திகதி. நாணய மாற்றுக்குச் சாட்சி, வங்கியில் நாணயக் கடிதத்திற்குப் பணம் செலுத்திய திகதி. முன்பே வரி கட்டி, முன்பே ஜப்பானுக்குப் பணம் அனுப்பி, முற்றத்தில் நிற்கும் காரை இன்றைய வர்த்தமானியோ நாளைய டொலரோ தொடுவதில்லை. மூன்றாவது கூறுக்கு ஒப்பந்தத்தில் இடமே இருக்காது.

மூன்றாவது, அந்த நிபந்தனை நேர்மையானதா என்று அறிய எளிய வழியொன்று உண்டு. 'வரி குறைந்தால் விலையையும் குறைப்பீர்களா?' என்று கையொப்பமிடுமுன் கேளுங்கள். இந்தியாவில் 2025 செப்டெம்பர் 22 ஆம் திகதி முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கையளிக்கும் நாளில் உள்ள விலையே செல்லும் என்று அங்கே முற்பதிவுப் படிவங்களில் எழுதுவது வழக்கம். விலை ஏறும்போது விற்பவருக்குத் துணை நின்ற அதே வரி, இறங்கும்போது வாங்குபவருக்குத் துணை நின்றது. ஏறுவதற்கு மட்டும் வழி வைத்து, இறங்குவதற்கு வழி வைக்காத நிபந்தனையைக் கண்டால் திருத்தச் சொல்லுங்கள். 'விலை கூடினால், விரும்பாதவர் முழு முற்பணத்தையும் திரும்பப் பெற்று விலகலாம்' என்றொரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். பேனா அவர்கள் நீட்டுவதாக இருந்தாலும் கை நம்முடையது.

நான்காவது, இரண்டாவது தாளில் அவசரப்பட்டுக் கையொப்பம் வைக்காதீர்கள். வண்டி கட்டாயம் தேவைப்பட்டு, கேட்ட தொகையைக் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், 'ஆட்சேபனையுடன் செலுத்துகிறேன்' என்று அந்தத் தாளிலேயே எழுதிக் கையொப்பமிட்டுப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வணிகரின் சட்டக் கடமை. பின்னர் மூன்று மாதக் கெடுவை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தை அழைத்தால் வழிகாட்டுவார்கள். ஆனால் தொலைபேசியில் பேசியதோடு நின்றுவிடாதீர்கள். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும்.

கார் விற்பவர்கள் எல்லோரும் கள்வர்கள் என்று நான் சொல்வதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. இந்த நாட்டில் அவர்கள் படும் பாடும் சிறிதல்ல. நள்ளிரவில் வரி மாறும். அதே 2018 இல் செப்டெம்பரில், சொந்தப் பாவனைக்கான கார்களின் நாணயக் கடிதங்களுக்கு முழுத்தொகையையும் முன்கூட்டியே வைப்பிலிட வேண்டுமென்று மத்திய வங்கி பணித்தது. ஆண்டின் தொடக்கத்தில் 153 ரூபாய் அளவில் இருந்த டொலர் ஆண்டு முடிவதற்குள் 180 ரூபாயைத் தாண்டியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி அடியோடு நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதற்குள் பெறுமதி சேர் வரி மட்டுமே 18 சதவீதமாகியிருந்தது. இத்தனைக்கும் நடுவில் சொன்ன விலைக்கே வண்டியைக் கொடுத்து நட்டப்பட்டவர்களையும் கண்டியில் நான் அறிவேன். உண்மையாகவே வரி ஏறியிருந்தால், இணங்கியபடி அதைக் கொடுப்பதுதான் முறை. கணக்கைக் காட்டு என்று கேட்பது நேர்மையான வணிகனுக்குப் பாதுகாப்புத்தான். அவன் கோவையை அலுமாரியில் ஒளிக்க மாட்டான்.

நண்பர் வாழும் ஒன்ராறியோவில், கார் விற்பனையாளர் விளம்பரத்தில் ஒரு விலையைச் சொன்னால், விற்பனை வரியும் வாகன உரிமப் பதிவுக் கட்டணமும் தவிர, தாம் அறவிடப்போகும் எல்லாக் கட்டணங்களையும் அந்த விலைக்குள்ளேயே அடக்கிச் சொல்ல வேண்டும் என்று 2010 முதல் விதி இருக்கிறது. ஆனால் கையொப்பமிட்டபின் மனம் மாறித் திரும்ப, பொதுவாக அங்கும் அவகாசம் கிடையாது. கடல் கடந்தாலும், கையொப்பத்திற்கு முந்திய ஐந்து நிமிடங்கள்தான் வாங்குபவருக்குச் சொந்தமானவை.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இறக்குமதி நின்றுபோன ஆண்டுகளில் பழைய கார்களின் விலை மளமளவென்று ஏறியது. 36 இலட்சத்து 50 ஆயிரத்திற்கு வாங்கிய என் காரை ஒருவர் அதைவிட மிகப் பெரிய தொகைக்குக் கேட்டார். மாஸ்டரின் காரும் அவ்வாறே பெறுமதி ஏறியிருந்தது. "பார்த்தீர்களா, அவருக்கும் இலாபம்தானே" என்று எனக்குத் தெரிந்த வாகன வியாபாரி ஒருவர் சொன்னார். ஆனால் மாஸ்டர் இலாபம் பார்க்கக் கார் வாங்கியவரல்லர். அடகு வைத்த நகைக்கு அவர் கட்டிய வட்டியில், யாரும் செலுத்தாத வரியொன்றின் வட்டியும் சேர்ந்திருந்தது. பின்னாளில் ஏறிய சந்தை விலை அதை நியாயமாக்கிவிடாது.

நண்பருக்கு நான் எழுதிய பதில் இதுதான்: "நான் போய் ஒரு வார்த்தை சொன்னால் உன் தம்பிக்கு ஒருவேளை விலை குறையும். அவனுக்குப் பக்கத்தில் வாங்கில் இருப்பவனுக்குக் குறையாது. ஆகவே நான் வருவேன். ஆனால் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வருவேன். தம்பியை ஒப்பந்தத்தின் இரு பக்கங்களையும் பிரதி எடுத்து வைக்கச் சொல். வேறெந்தத் தாளிலும் கையொப்பம் வைக்க வேண்டாம் என்று சொல்."

அடுத்த செவ்வாய்க்கிழமை நாங்கள் இருவரும் போகவிருக்கிறோம். அங்கே வாங்கில் வேறு யாராவது காத்திருந்தால், உள்ளே போகுமுன் அவர்களிடம் சொல்வதற்கு ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். 2018 ஆகஸ்டில் மாஸ்டரிடம் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம்.

"சுங்கத் திகதியைக் கேளுங்கள்."